பதினேழாம் படுக்கையின் சீட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் தலைமை மருத்துவர் நாகராஜன் ஐயா அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் மீனா சிஸ்டர் அவர்களே, பர்சானா மேடத்தின் கணவர், முன்வரிசையில் இருக்கும் சுஹைப் அவர்களே, மகள் சஃப்ரின் அவர்களே, அச்சன்புதூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, இந்தச் சாரலில் நனைந்துகொண்டே வந்திருக்கும் நோயாளிகளே, அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

என் பெயர் முத்துச்செல்வம். இந்த மருத்துவமனையின் சமையலறைப் பொறுப்பாளன். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கீழ்த்தளத்தில்தான் என் வாழ்க்கை. மேடைக்கும் எனக்கும் வெகுதூரம். எனக்கு முன்னால் பேசிய மருத்துவர்கள் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை நிபுணர் பர்சானா மேடத்தின் பட்டங்களைச் சொன்னார்கள், ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சொன்னார்கள், நல்லது. அவையெல்லாம் எனக்குத் தெரியாது. அவருடைய ஒவ்வொரு நோயாளிக்கும் நான் கஞ்சி காய்ச்சினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதிலும் நான் ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லத்தான் இங்கே ஏறியிருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் மேடம் முதல் முறையாகச் சமையலறைக்கு வந்தபோது கையில் ஒரு சிரிஞ்ச் இருந்தது. எங்களுக்கெல்லாம் ஊசி போட வந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு பையன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனான். சிரிஞ்சில் ஊசி இல்லை. அதில் பத்து மில்லி கஞ்சியை ஊற்றினார். அடியை விரலால் அடைத்துப் பிடித்தார். விரலை எடுத்துப் பத்து வினாடி எண்ணினார். எவ்வளவு ஒழுகியது, எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்தார். தண்ணீர் போல முழுக்க ஓடிவிட்டால் அது பூஜ்யம். கொஞ்சம் நின்றால் ஒன்று, இன்னும் நின்றால் இரண்டு, பிறகு மூன்று. ஒரு சொட்டும் விழாமல் அப்படியே நின்றால் நான்கு. இனி ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் இந்த எண்ணில் ஒன்று இருக்கும், அதற்கேற்பக் கெட்டியாக்கி அனுப்புங்கள் என்றார். இருநூறு பேருக்குச் சமைக்கிறவனிடம் வந்து கஞ்சிக்குப் பரீட்சை வைத்தால் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது.

"மேடம், கஞ்சின்னா கஞ்சிதான். இதுல என்ன எண்ணு?" என்றேன்.

"அண்ணாச்சி, தொண்டையில ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு வயித்துக்குப் போவுது. இன்னொண்ணு நுரையீரலுக்குப் போவுது. பக்கவாதம் வந்தவங்களுக்கு நடுவுல இருக்க மூடி சோம்பேறியாயிரும். தண்ணி ஓட்டமா வந்தா அது மூடுததுக்குள்ள தப்பான வழியில இறங்கிரும். கெட்டியா வந்தா மெதுவா வரும், மூடிக்கு நேரம் கிடைக்கும்" என்றார்.

அப்போதே ஒன்று சொன்னார். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. "இருமுதவங்களைப் பாத்தா எனக்குப் பயமே இல்ல, அண்ணாச்சி. தப்பாப் போனதை அவங்க வெளிய தள்ளுதாங்க. இருமாம, சிரிச்ச முகத்தோட குடிக்காங்க பாருங்க, அவங்களைப் பாத்தாத்தான் எனக்கு உள்ள நடுங்குது."

அன்று எனக்கு அது புரியவில்லை. புரிய வைத்தவர் கீழப்பாவூர் பரமசிவன் அண்ணாச்சி. ஓய்வு பெற்ற காவலர். அதோ, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் அவருக்குப் பக்கவாதம். சீட்டில் எண் மூன்று. மூன்று வாரம் மூன்றாகவே போயிற்று. ஒருநாள் அவருடைய மனைவி முப்பிடாதியம்மாள் படியிறங்கிச் சமையலறைக்கே வந்துவிட்டார்.

"மூணு வாரமாப் பசை மாதிரியே குடுக்கீக. அந்த மனுசனுக்கு வாய் செத்துப் போச்சுய்யா. ஒரு வாய் ரசம் குடுத்தாத்தான் என்ன?" என்று அழுதார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு தம்ளரில் மிளகு ரசத்தை ஊற்றி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்தார். இருமல் இல்லை, கனைப்பு இல்லை, புரையேறவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீகளா, ஒண்ணும் ஆவல" என்றார் அம்மா. நானும் பெருமையோடு கீழே இறங்கினேன். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

மேடம் என்னைத் திட்டினாரா? இல்லை. பரமசிவன் அண்ணாச்சி தேறி வார்டுப் படுக்கைக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் என்னை எக்ஸ்ரே அறைக்கு அழைத்தார். கனமான ஈய அங்கியை மாட்டிவிட்டார். நான் காய்ச்சிய கஞ்சியில், படத்தில் தெரிவதற்காகப் பேரியம் மாவைக் கலந்தார். பரமசிவன் அண்ணாச்சி இயந்திரத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு மண்டை ஓடு தெரிந்தது. தாடை எலும்பு அசைந்தது. பல் அசைந்தது. சகோதரர்களே, ஒரு எலும்புக்கூடு நான் காய்ச்சிய கஞ்சியைச் சாப்பிடுவதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கஞ்சி கறுப்பாக நாக்கின் மேல் நகர்ந்தது. தொண்டையில் இறங்கியது. அங்கே அது இரண்டாகப் பிரிந்தது. பெரும்பகுதி பின்னால் போனது. ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் முன்பக்கமாக, மூச்சு போகும் வழியில், அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது.

"இப்ப திரையைப் பாக்காதீங்க. அவரு முகத்தைப் பாருங்க" என்றார் மேடம் என் காதருகில்.

பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கஞ்சி நல்லாருக்குய்யா" என்றார்.

உள்ளே நடப்பது அவருக்கே தெரியவில்லை. உடம்பு அவருக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு சாப்பிடுகிற யாரைப் பார்த்தாலும் எனக்குத் தோலுக்கு அடியில் இருக்கும் அந்தத் தாடைதான் தெரிந்தது. என் வீட்டில் என் மனைவி சாப்பிடும்போதும் நான் இருமலை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருமினால் நிம்மதி. அமைதியாகச் சாப்பிட்டால் எழுந்து போய்விடுவேன். அப்படி ஆகிவிட்டது என் பிழைப்பு.

எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்ததும் மேடம் எனக்கு ஒரு விதி போட்டார். "சீட்டுல எண்ணு தப்பாத் தோணிச்சுன்னா கெட்டியாவே அனுப்புங்க. அனுப்பிட்டு என்கிட்ட வந்து கேளுங்க." இந்த விதியில் இரண்டு பாதி இருக்கிறது. அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு, ஐப்பசியில், அந்தச் சீட்டு வரத் தொடங்கியது.

எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் பெயரைக் கேட்க மாட்டோம். பெயர் தெரிந்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் உப்பும் காரமும் கூடும். எண்தான் எங்களுக்கு. ஆறாம் படுக்கைக்கு இரண்டு, பதினோராம் படுக்கைக்கு மூன்று. நரம்பியல் வார்டிலிருந்து சிஸ்டர்கள் வழக்கமாக எழுதி அனுப்பும் சீட்டுகளுக்கு நடுவே அன்று ஒன்று மட்டும் புதுக் கையெழுத்தில் இருந்தது. பதினேழாம் படுக்கை, எண் ஒன்று. அனுப்பினேன். தட்டு துடைத்து வைத்தாற்போலக் காலியாகத் திரும்பி வந்தது. மறுநாளும் பதினேழு. அதற்கு மறுநாளும் பதினேழு.

ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நரம்பியல் வார்டில் எத்தனை படுக்கை? இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பதினாறு.

மாடிக்குப் போனேன். ஒவ்வொரு கட்டிலாக எண்ணினேன். பதினாறோடு சுவர் வந்துவிட்டது. மீனா சிஸ்டரிடம் கேட்டேன்.

"இங்கன பதினாறு கட்டில்தான் அண்ணாச்சி" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சீட்டு வந்தா அனுப்பிருங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

யார் அந்தப் பதினேழு? இல்லாத கட்டிலில் படுத்துக்கொண்டு என் சோற்றைச் சாப்பிடுகிறவர் யார்? நான் கேட்கவில்லை. கேட்காமல் சமைத்தேன். தையில் எண் இரண்டு ஆயிற்று. பங்குனியில் மூன்று. மற்ற நோயாளிகளுக்கு எண் இறங்கும். மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று, பிறகு ஒருநாள் சாதாரணச் சாப்பாடு, வீட்டுக்குப் போய்விடுவார்கள். பதினேழுக்கு மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. எழுத்தும் மாறியது. ஐப்பசியில் நேராக நின்ற எழுத்து பங்குனியில் சாய்ந்தது. வைகாசியில் எண் நான்கு. அந்த நான்கை எழுதிய கோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. சமையலறையில் இருந்தவர்கள் பதினேழின் தட்டைத் தொடப் பயந்தார்கள். நான்தான் எடுத்து வைப்பேன்.

இதே மாதங்களில் பர்சானா மேடம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் தினமும் சமையலறைக்கு வருவார், சிரிஞ்ச் வைத்துச் சோதிப்பார், என்னைக் கேலி செய்வார். அது நின்றுவிட்டது. வராந்தாவில் தூரத்தில் பார்த்தால் முகக்கவசம் போட்டிருப்பார், தலையை மட்டும் அசைப்பார். நான் என்ன நினைத்தேன்? ரசம் கொடுத்த கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்தேன். பன்னிரண்டு ஆண்டு பழகிய மனுஷியைப் பற்றி இப்படி நினைத்தேன். எனக்கும் ரோஷம் வந்தது. அவரே வந்து பேசட்டும் என்று இருந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு இதற்குள் புரிந்திருக்கும். மருத்துவர்களுக்குத் தெரியும். சுஹைப் தம்பிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

இந்த ஆனி மாதம், அருவியில் தண்ணீர் விழத் தொடங்கிய வாரம். முந்தைய நாள் மாலைவரை பதினேழுக்கு எண் நான்கு. அன்று வந்த சீட்டில் இப்படி இருந்தது. பதினேழு. நான்கு மணி. கட்டன் சாயா. பூஜ்யம்.

நான்கிலிருந்து ஒரே நாளில் பூஜ்யமா? அப்படி ஒருவர் குணமாக முடியுமா? பரமசிவன் அண்ணாச்சியின் தொண்டையில் இறங்கிய கறுப்புக் கோடு என் கண்முன் வந்தது. எழுதியவர் கை தவறிவிட்டது என்று முடிவு செய்தேன். விதி இருக்கிறதே, சந்தேகம் வந்தால் கெட்டி! பால் சேர்க்காமல் சாயாவைப் போட்டு, கெட்டிப்படுத்தும் மாவைக் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டியாக்கி அனுப்பினேன். கோப்பை தொடாமல் திரும்பி வந்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாகப் பதினேழு சாப்பிடாமல் அனுப்பியது.

இரண்டாம் நாளும் அதே சீட்டு. பூஜ்யம் இந்த முறை பெரிதாக, இரண்டு முறை சுழித்து எழுதப்பட்டிருந்தது. நான் மறுபடியும் கெட்டியாகவே அனுப்பினேன். அதுவும் அப்படியே வந்தது. மேலே ஆடை படிந்து, நடுவில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. விதியின் முதல் பாதியை இரண்டு நாளும் சரியாகச் செய்தேன். வந்து கேட்க வேண்டும் என்ற இரண்டாம் பாதியைச் செய்யவில்லை. முப்பது படி ஏறியிருந்தால் போதும். என் ரோஷம் ஏறவிடவில்லை.

மூன்றாம் நாள் சீட்டில் எண் இல்லை. எழுத்து கோணிக்கோணி இருந்தது. "அண்ணாச்சி, தப்பு இல்ல. நீங்களே கொண்டு வாங்க."

அண்ணாச்சி என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். சாயாவைப் போட்டேன். மாவு கலக்கவில்லை. கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். பட்டப்பகல், நான்கு மணி, பார்வையாளர் நேரம். ஆனாலும் அந்த வார்டில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மீனா சிஸ்டர் மேடத்தின் பரிசோதனை அறைப் பக்கம் கைகாட்டினார். உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். அந்தக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே முகக்கவசம் இல்லாமல் எங்கள் மேடம் உட்கார்ந்திருந்தார். பாதியாகியிருந்தார்.

நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் நோய். அது அவருக்குத் தொண்டையிலும் நாக்கிலும் தொடங்கியிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் எந்த மருத்துவரும் இல்லை. சென்ற புரட்டாசியில் ஒருநாள், தண்ணீர் குடிக்கும்போது தன் கழுத்திலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, வார்டில் இல்லாத பதினேழைத் தன் படுக்கை எண்ணாக்கி, தனக்குத்தானே சீட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார். பேச்சு குழறத் தொடங்கியதும் என்னிடம் வருவதை நிறுத்தியிருக்கிறார். தெரிந்தால் நான் அழுதுகொண்டே கஞ்சியைக் கெடுத்துவிடுவேனாம். அப்படி மீனா சிஸ்டரிடம் எழுதிக் காட்டியிருக்கிறார். உடம்பு ஒத்துழைத்தவரை, மாசி மாதக் கடைசிவரை, மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். எண் நான்குகூடத் தொண்டையில் இறங்கச் சிரமமானபோது, வயிற்றில் குழாய் வைக்கலாம் என்று தலைமை மருத்துவர் சொன்னார். வேண்டாம், இருக்கிற நாளுக்கு என் வாயால் என் சாயாவைக் குடித்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுத்தார். சுஹைப் தம்பியும் போட்டார். ஆபத்து என்னவென்று இந்தத் தென்காசியில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?

நான் தம்ளரோடு நின்றேன். கொடுக்க முடியவில்லை. மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து என் காதில் மாட்டினார். மறுமுனையைத் தன் தொண்டையில் வைத்து, என் விரலாலேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளச் செய்தார். பிறகு ஒரு வாய் குடித்தார்.

நான் கேட்டேன். முதலில் ஒரு சின்னச் சொடுக்கு. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம் மிக நீளமாக இருந்தது. அதன் பிறகு மூச்சு வந்தது, ஈரத்தோடு வந்தது, தண்ணீருக்கு அடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி வந்தது. இருமல் வரவில்லை. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு உள்ளே நடப்பது தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரிந்துகொண்டே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மடியில் வைத்திருந்த சிறு பலகையில் எழுதினார். "இன்னொரு வாய்."

கொடுத்தேன். மறுநாளும் நான்கு மணிக்குக் கொடுத்தேன். ஒன்பது நாள் கொடுத்தேன். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் தம்ளரை நான்தான் பிடித்தேன், உதடு நனைகிற அளவுக்குத்தான். மறுநாள் காலையில் அவர் போய்விட்டார்.

சுஹைப் தம்பி, வராந்தாவில் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், அந்தச் சாயாதான் மேடத்தைக் கொண்டுபோய்விட்டதா என்று. அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. அது அவர் எடுத்த முடிவு. நீங்கள் கையொப்பமிட்ட முடிவு. ஆனால் இன்னொன்றை நான் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. முதல் பூஜ்யம் வந்த நாளிலிருந்து அவருக்குக் கிடைத்தவை பதினொரு மாலைகள். அதில் ஒன்பதில்தான் அவர் சாயா குடித்தார். மற்ற இரண்டும் அவர் கேட்டும் கிடைக்காமல் போனவை. அந்த இரண்டையும் பறித்தவன் நான். உங்கள் முன்னால், உங்கள் மகள் முன்னால், அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் இப்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பெரியோர்களே, இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது முறை. மேடத்தின் பணியைத் தொடர்வோம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், செய்வார்கள். புதிதாக ஒரு சிகிச்சையாளர் வருவார் என்றும் சொன்னார்கள், வரட்டும், அவருடைய சிரிஞ்சுக்கும் நான் பரீட்சை எழுதுவேன். என் பங்குக்கு நான் சொல்லக்கூடியது சிறியது. நாளை முதல் எங்கள் சமையலறைக்கு வரும் ஒவ்வொரு சீட்டிலும் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். உப்பு கூடினால் கூடட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எண் தவறாகத் தெரிந்தால் நான் கீழே இருந்துகொண்டு திருத்த மாட்டேன். முப்பது படி ஏறி வந்து சீட்டு எழுதியவரிடமே கேட்பேன். இனி ஒருவர் வேண்டிக் கேட்கிற பூஜ்யம் வந்தால், அதை வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டேன். நானே கொண்டு வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பர்சானா மேடம், கோபம் உங்களுக்கு இல்லை, எனக்குத்தான் இருந்தது. வணக்கம்.